டிராக் பந்தயமும் குளிர்ந்த எரிபொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டுக் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, நேர்கோட்டில் கடக்கும் டிராக் பந்தயத்தில், ஓட்டத்துக்கு முன் எரிபொருளைப் பனிக்கட்டியால் குளிர்விக்கும் வழக்கம், காற்றுடன் பெட்ரோலைக் கலந்து தரும் கருவியான கார்புரேட்டரின் காலந்தொட்டு இருந்து வருகிறது. அதனால் கிடைக்கும் பயன் என்ன, கிடைக்காதது என்ன என்பதில் குழப்பமும் அதே அளவுக்குப் பழையது. கீழே உள்ள கணக்குகள் யாவும் பள்ளி இயற்பியலைக் கொண்டு போடக்கூடியவை. உங்கள் வண்டிக்குரிய எண்களை இட்டு அவற்றை நீங்களே மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்.

எரிபொருளைக் குளிர்வித்தால் என்ஜினின் திறன் உண்மையிலேயே கூடுமா?

மிகச் சிறிதளவு கூடலாம். பலர் நம்பும் அளவுக்குக் கூடாது. பெட்ரோலை 40 டிகிரி செல்சியஸிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பெட்ரோலின் வெப்பநிலை ஒரு டிகிரி மாற ஏறத்தாழ 2.2 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆகவே 30 டிகிரி குளிர்ந்த ஒரு கிலோ பெட்ரோல், குளிராத பெட்ரோலைக் காட்டிலும் 66 கிலோஜூல் வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். முழுத் திறனில் ஓடும் என்ஜினில் ஒரு கிலோ பெட்ரோலுடன் சுமார் 12.5 கிலோ காற்று சேர்கிறது. அந்த 66 கிலோஜூலை இக்கலவை முழுவதற்கும் பகிர்ந்தால், கலவையின் வெப்பநிலை நான்கரை டிகிரிதான் குறைகிறது.

நான்கரை டிகிரி என்பது காற்றின் அடர்த்தியில் சுமார் 1.4 சதவீதம். நடைமுறையில், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் சூடான சுவரும் வால்வுகளும் இதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதால், எஞ்சும் திறன் ஏற்றம் 1 சதவீதத்தைத் தொட்டாலே அது நல்ல பலன். கால் மைல் நேரம் திறனின் கனமூலத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் மாறுவதால், 12.00 விநாடியில் ஓடும் வண்டிக்கு 1 சதவீதத் திறன் ஏற்றம் 0.04 விநாடியைத் தரும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி முடிவாகும் விளையாட்டில் இதை அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதே பெட்ரோல் ஆவியாகும்போது கிலோவுக்குச் சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலவையைக் குளிர்விக்கும் பெரிய வேலையை ஆவியாதலே செய்கிறது. நாம் சேர்க்கும் பனிக்கட்டி அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூட்டுகிறது.

குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தி மிகுந்தது, ஆகவே கூடுதல் ஆற்றல் தரும் என்கிறார்களே?

முதல் பாதி சரி; முடிவு தவறு. பெட்ரோலின் அடர்த்தி ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் மாறுகிறது. 30 டிகிரி குளிர்வித்தால் 3 சதவீதம் கூடும். ஆனால் என்ஜினின் திறனுக்கு வரம்பு கட்டுவது பெட்ரோல் அல்ல, காற்று. காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் கலவை செறிவாகுமே தவிர, எரியும் அளவு கூடாது. ஏற்கெனவே பெட்ரோல் குறைவாகப் பெற்றுக்கொண்டிருந்த என்ஜினில் இந்தச் செறிவு திறனைக் கூட்டிக் காட்டக்கூடும். அது உண்மையில் ஜெட்டின், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையின், அளவில் இருந்த பிழை திருத்தப்பட்டதன் பலன். பெருமை பனிக்கட்டிக்குப் போய்விடுகிறது.

செறிவும் முழு 3 சதவீதம் ஆகாது. கார்புரேட்டரின் ஜெட் வழியே பாயும் நிறை, அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 3 சதவீத அடர்த்தி ஏற்றம் சுமார் 1.5 சதவீத நிறை ஏற்றமாகவே வெளிப்படும்: 12.5 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் 12.3 ஆகும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில், உள்ளே வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வை ஒரு மிதவை இயக்குகிறது. அடர்ந்த திரவத்தில் அந்த மிதவை சற்று உயர்ந்து மிதப்பதால் ஊசி வால்வு சிறிது முன்னதாகவே மூடிக்கொள்கிறது. மிதவைக் கிண்ணத்தின் மட்டம் அதற்கேற்பக் கீழே நிற்கிறது. குளிரில் பாகுநிலை கூடுவதும் ஜெட்டில் பாய்ச்சலைக் கொஞ்சம் தடுக்கிறது. இரண்டும் சிறிய விளைவுகள்தாம். ஆனால் இரண்டும் செறிவுக்கு எதிர்த்திசையில் இழுப்பவை.

அப்படியென்றால் அனுபவமுள்ளவர்கள் ஏன் இதை விடாமல் செய்கிறார்கள்?

குளிர்ந்த எரிபொருளின் உண்மையான மதிப்பு திறனில் இல்லை, ஒரே சீராக ஓடுவதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அல்ல. அதன் இலேசான கூறுகள் 35 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. கனமானவை 200 டிகிரி வரை தாங்குகின்றன. வண்டி வரிசையில் காத்திருக்கும்போது என்ஜின் அணைக்கப்பட்டிருக்கும், விசிறி ஓடாது, என்ஜின் அறையில் காற்று அசையாது. அந்த நேரத்தில் என்ஜின் உலோகத்தில் சேர்ந்திருக்கும் வெப்பம் மேலெழுந்து பம்ப்பையும் எரிபொருள் குழாயையும் மிதவைக் கிண்ணத்தையும் சூடேற்றுகிறது. பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவாக இருப்பதால், அங்கே கொதித்தல் இன்னும் விரைவில் தொடங்குகிறது. குழாயில் ஆவிக் குமிழ்கள் அடைத்துக்கொண்டால் பம்ப் திரவத்துக்குப் பதிலாக ஆவியை இறைக்கிறது. வேப்பர் லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

முழுமையான அடைப்பு ஏற்பட்டால் வண்டி நின்றுவிடும். காரணம் உடனே தெரிந்துவிடும். பந்தயக்காரரை அதிகம் ஏமாற்றுவது அரைகுறைக் கொதிப்பு. கிண்ணத்தில் நுரைத்த பெட்ரோல் சில நேரம் ஜெட் வழியே குறைந்த நிறையுடன் பாய்ந்து கலவையை மெலியச் செய்கிறது. வேறு சில நேரம் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்து, புறப்படும் கணத்தில் என்ஜினைத் திணறடிக்கிறது. முதல் ஓட்டத்தில் 12.02, இருபது நிமிடம் வெயிலில் காத்திருந்தபின் 12.11, மாலை நிழலில் மறுபடியும் 12.03 என்று ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு, தன் நேரத்தை முன்கூட்டியே எழுதி அறிவித்து அதற்கு மிக அருகில் ஓட வேண்டிய பிராக்கெட் பந்தயத்தில் என்ன செய்ய முடியும்? அங்கே 0.04 விநாடி வேகமாக ஓடுவதைக் காட்டிலும், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் ஓடுவதே பெரிது. பனிக்கட்டி நீர் எப்போதும் 0 டிகிரியிலேயே நிற்கும். காலையிலும் நண்பகலிலும் கார்புரேட்டருக்கு ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் பெட்ரோலை அனுப்ப இதைவிட எளிய கருவி இல்லை.

கூல் கேன் என்பது என்ன?

ஒரு மூடியிட்ட உருளைக் கலத்துக்குள் சில மீட்டர் நீளமுள்ள உலோகக் குழாய் சுருளாக வைக்கப்பட்டிருக்கும். சுருளின் வழியே எரிபொருள் ஓடும். சுருளைச் சுற்றி உடைத்த பனிக்கட்டியும் நீரும் நிரப்பப்படும். நீரைச் சேர்க்காமல் பனிக்கட்டியை மட்டும் போடுவது பலர் செய்யும் தவறு. கட்டிகளுக்கு இடையே காற்று நின்றுவிட்டால் உலோகத்தைத் தொடும் பரப்பு குறைந்து, குளிர் உள்ளே செல்வதில்லை.

எவ்வளவு பனிக்கட்டி தேவை? சுருள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பனிக்கட்டி ஒரு தடையே அல்ல, சுருள்தான் தடை. 500 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் என்ஜின் முழுத் திறனில் விநாடிக்குச் சுமார் 31 கிராம் பெட்ரோலைக் குடிக்கிறது. அதை 30 டிகிரி குளிர்விக்க விநாடிக்கு 2 கிலோஜூல், அதாவது 2 கிலோவாட், வெப்பத்தை அகற்ற வேண்டும். 12 விநாடிக்கு 24 கிலோஜூல். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் எடுத்துக்கொள்வதால், ஓர் ஓட்டத்துக்கு உருகுவது சுமார் 70 கிராம் மட்டுமே. வெளியிலிருந்து வரும் என்ஜின் அறை வெப்பம் உருக்கும் பனிக்கட்டி இதைவிட அதிகமாக இருக்கும் என்பதால், கலத்துக்கு வெப்பக்காப்புப் போர்வை சுற்றுவது பனிக்கட்டியைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

சுருளின் கதை வேறு. ஒன்பதரை மில்லிமீட்டர் வெளிவிட்டமும் நாலரை மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சுருளை எடுத்துக்கொண்டு, அசையாத பனிநீரில் வெப்பம் கடக்கும் வேகத்தை மதிப்பிட்டால், முழுப் பாய்ச்சலில் 40 டிகிரிப் பெட்ரோல் பாதி வழி மட்டுமே குளிர்ந்து 20 டிகிரி அருகில் வெளியேறும் என்று தெரிகிறது. ஆனால் ஓட்டத்துக்கு முன் சுருளில் தேங்கி நிற்கும் பெட்ரோல், சுமார் 200 மில்லிலிட்டர், ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்திருக்கும். விநாடிக்கு 42 மில்லிலிட்டர் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 5 விநாடிக்கு வரும்.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூல் கேன் பற்றிய பேச்சுகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கார்புரேட்டரின் இரண்டு மிதவைக் கிண்ணங்களும் சேர்ந்து கால் லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், முழு ஓட்டத்துக்கும் தேவைப்படுவதே அரை லிட்டர்தான். அதாவது புறப்பாடு முதல் நடுத்தூரம் வரை என்ஜின் குடிப்பது, சூடான கார்புரேட்டரில் உட்கார்ந்திருந்த பெட்ரோலை. சுருளிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல் அதனுடன் சிறிது சிறிதாகக் கலக்கிறது. புறப்பாட்டுக்கு முன் டயரைச் சூடேற்றுவதற்காகச் சக்கரத்தைச் சுழற்றும்போது கிண்ணத்திலுள்ள சூடான பெட்ரோல் ஒரு பகுதி செலவாகிக் குளிர்ந்தது உள்ளே வருவது இந்த வகையில் நல்லதே. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வெப்பம் கடத்தாத தடிப்பான தகட்டைப் பொருத்துவது, சுருளை இன்னும் நீட்டுவதைக் காட்டிலும் பலன் தரும் என்பதே என் கருத்து.

கூல் கேனைப் பம்ப்புக்கு முன் வைக்க வேண்டுமா, பின் வைக்க வேண்டுமா?

பின், அதாவது அழுத்தம் உள்ள பக்கத்தில். உறிஞ்சும் பக்கத்தில் நீண்ட சுருளை வைத்தால் அதன் உராய்வு அழுத்தத்தை மேலும் குறைத்து, நாம் தவிர்க்க நினைத்த கொதித்தலையே வரவழைக்கக்கூடும். கார்புரேட்டருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், ஆனால் எக்ஸாஸ்ட் குழாய்களின் வெப்பம் படாத இடத்தில் பொருத்துங்கள். என்ஜினுடன் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் இருக்கும் பகுதிக்கு நேராக ஒருபோதும் வேண்டாம், அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள் கூல் கேன் போன்றவை ஃபிளைவீல் உறைக்குக் குறைந்தது 6 அங்குலம் முன்னால் இருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். சிதறும் ஃபிளைவீல் துண்டு எரிபொருள் குழாயை வெட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்ஜெக்டர் உள்ள என்ஜின்களுக்கு இதனால் பயன் உண்டா?

குறைவு. கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர் அமைப்பில் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கியிருக்கிறது. குழாய் முழுவதும் உயர் அழுத்தத்தில் இருப்பதால் கொதித்தல் எளிதில் நிகழாது. ஆனால் டேங்குக்கு எரிபொருளைத் திருப்பி அனுப்பும் அமைப்பில், என்ஜின் அறையின் வெப்பமும் பம்ப் மோட்டாரின் வெப்பமும் ஒவ்வொரு சுற்றிலும் டேங்குக்கே போய்ச் சேர்கின்றன. 15 ஆம்பியர் இழுக்கும் பம்ப் ஏறத்தாழ 200 வாட் மின்சாரத்தைச் செலவழிக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி கடைசியில் பெட்ரோலின் வெப்பமாகிறது. எடையைக் குறைக்க டேங்கில் நாலைந்து லிட்டர் மட்டும் வைத்து ஓடுபவர்களுக்கு, நாள் முழுவதும் இந்த ஏற்றம் வெளிப்படையாகத் தெரியும். திரும்பும் குழாயில் ஒரு சிறு குளிர்விப்பானைப் பொருத்துவதும், காத்திருக்கும்போது பம்ப்பை அணைத்து வைப்பதும் போதுமான தீர்வுகள்.

இன்ஜெக்டரின் பாய்ச்சலும் அடர்த்தியின் வர்க்கமூலத்தையே பின்பற்றுகிறது. ஆகவே கணினியில் எரிபொருள் வெப்பநிலைக்கான திருத்தம் இல்லாவிட்டால், சூடான நாளுக்கு அமைத்த அளவு குளிர்ந்த எரிபொருளில் சற்றுச் செறிவாகும்.

மெத்தனால், இ85, நைட்ரோமீத்தேன் ஆகியவற்றைக் குளிர்விக்கலாமா?

மெத்தனாலுக்கு இது வீண் வேலை. அது கிலோவுக்கு ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வெப்பத்தை ஆவியாதலில் உறிஞ்சுகிறது. அதோடு ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஐந்து கிலோ காற்று போதும் என்ற அளவில் அது எரிக்கப்படுகிறது. முழுவதும் ஆவியானால் கலவையை 140 டிகிரிக்கும் மேல் குளிர்விக்கக்கூடிய அளவு அது. உண்மையில் அவ்வளவு வெப்பம் காற்றில் இல்லாததால் ஒரு பகுதி திரவமாகவே சிலிண்டருக்குள் போகிறது. இதன்மேல் 30 டிகிரி முன்குளிர்ச்சி சேர்ப்பது 10 டிகிரி மட்டுமே. அதுவும் ஏற்கெனவே தடுமாறும் ஆவியாதலை இன்னும் கெடுக்கும். மேலும் மெத்தனால் 64.7 டிகிரியில்தான் கொதிக்கிறது என்பதால் வேப்பர் லாக் பயமும் பெட்ரோலைவிடக் குறைவு. பெரும்பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலான இ85-க்கும் பெரும்பாலும் இதே விடைதான்.

நைட்ரோமீத்தேனை எரித்து ஓடும், டிராக் பந்தயத்தின் அதிவேக வகுப்பான டாப் ஃபியூயலில் குளிர்ச்சியைவிட வெப்பநிலையை அறிந்திருப்பதே முக்கியம். அங்கே நைட்ரோமீத்தேன் 90 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது, மீதி மெத்தனால். கலவையின் விகிதத்தைத் திரவமானியால் அடர்த்தி பார்த்து அறிகிறார்கள். நைட்ரோமீத்தேனின் அடர்த்தி 1.14, மெத்தனாலின் அடர்த்தி 0.79. வெப்பநிலையில் 10 டிகிரி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கத் தவறினால், விகிதம் மூன்று சதவீதத்துக்கும் மேல் தவறாகத் தெரியும். விதியின் எல்லையை ஒட்டி ஓடுபவருக்கு அது பெரிய பிழை.

பனிக்கட்டிக்குப் பதிலாக உலர்பனியைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான அறிவுரை. உலர்பனி மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கிறது. பெட்ரோல் அவ்வளவு எளிதில் உறையாது என்றாலும், அதில் கரைந்திருக்கும் ஈரம் பிரிந்து உறைந்து வடிகட்டியையும் ஊசி வால்வையும் அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீரும் எத்தனாலும் தனி அடுக்காகப் பிரியும் வாய்ப்பும் கூடும். ரப்பர் வளையங்கள் விறைத்துச் சுருங்கிக் கசியும். மூடிய கலத்தில் உலர்பனி வாயுவாகி அழுத்தம் ஏறினால் கலம் வெடிக்கும். ஓட்டுநர் அறைக்குள் அந்த வாயு தேங்கினால் மூச்சு முட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் விரும்பிய சீர்மை போய்விடுகிறது.

அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் என்ன கெடுதல்?

பெட்ரோல் ஆவியாக வெப்பம் வேண்டும். மிகக் குளிர்ந்த பெட்ரோல் பெரிய துளிகளாகவே மேனிஃபோல்டில் படிந்து, வளைவுகளில் திரும்பாமல் சுவரில் வழிகிறது. சில சிலிண்டர்களுக்கு அதிகமும் சிலவற்றுக்குக் குறைவுமாகப் போய்ச் சேர்கிறது. குறைவாகப் பெற்ற சிலிண்டரில் நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடித்து எரிவது, ஏற்படும். நீளமான மேனிஃபோல்டு கொண்ட கார்புரேட்டர் என்ஜினில் இது அதிகமாகத் தெரியும். இதனால், கார்புரேட்டருக்குள் நுழையும் பெட்ரோல் 10 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதற்கும் கீழே இறக்க முயல வேண்டியதில்லை.

விதிகள் இதை அனுமதிக்கின்றனவா?

வகுப்புக்கு வகுப்பு மாறும். ஒரு வகுப்பில் கூல் கேன் ஏற்கப்படும், மற்றொன்றில் செயற்கைக் குளிர்விப்பே தடை செய்யப்பட்டிருக்கும். பொருத்துவதற்கு முன் அந்த ஆண்டின் விதிநூலைப் பாருங்கள்.

வேறு பந்தயங்கள் இதை எவ்வளவு கவனமாக நோக்குகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஃபார்முலா ஒன்றில் 2007-ஆம் ஆண்டு விதிப்படி எரிபொருள் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரியில் பி.எம்.டபிள்யூ. சாபர், வில்லியம்ஸ் அணிகளின் எரிபொருள் வெப்பநிலை குறித்துக் கேள்வி எழுந்தது. அந்த அணிகளின் வண்டிகள் நீக்கப்பட்டிருந்தால், அவற்றுக்குப் பின்னால் வந்த லூயிஸ் ஹாமில்டன் நான்காம் இடத்துக்கு உயர்ந்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிமி ராய்க்கோனென் வென்ற சாம்பியன் பட்டம் அவருக்குப் போயிருக்கும். நடுவர்கள் தண்டனை விதிக்கவில்லை. ஹாமில்டனின் அணியான மெக்லாரனின் மேல்முறையீடும் நவம்பரில் ஏற்கப்படவில்லை.

அதே குளிரை வேறு எங்கே செலவழித்தால் அதிகப் பலன்?

காற்றில். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 12 கிலோவுக்கும் மேல் காற்று போகும் என்ஜினில், உள்ளே வரும் காற்றை என்ஜின் அறையின் சூட்டிலிருந்து பிரித்து வெளியிலிருந்து நேராக எடுத்தாலே 15, 20 டிகிரி குறையலாம். எரிபொருளில் எவ்வளவு பனிக்கட்டி செலவழித்தாலும் இந்த அளவை எட்ட முடியாது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ உள்ள வண்டிகளில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் நீரைக் குளிர்விப்பது அதைவிடவும் பெரிய பலன் தரும். 2018-இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில் ஏசியின் குளிர்பொருளையே திருப்பி இன்டர்கூலர் நீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். தொழிற்சாலையில் உருவான டிராக் வண்டி தன் குளிரைக் காற்றுக்காகவே செலவிட்டது.

என் வண்டியில் இது பலன் தருகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே ஓர் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்புரேட்டரின் நுழைவாயிலில் ஒரு வெப்பநிலை உணரியும் எரிபொருள் அழுத்தமானியும் பொருத்துங்கள். பனிக்கட்டியுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று, மறுபடியும் பனிக்கட்டியுடன் ஒன்று என்று மாற்றி மாற்றிக் குறைந்தது ஆறு ஓட்டங்கள் ஓடுங்கள். ஓட்டங்களுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் ஒன்றாகவே வையுங்கள். காற்றின் வெப்பமும் அழுத்தமும் ஈரமும் ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட வேண்டும், ஏனெனில் மேகம் ஒன்று வெயிலை மறைத்ததன் பலனைப் பனிக்கட்டியின் கணக்கில் எழுதிவிடுவது மிக எளிது.

திறன் கூடியதா என்பதை முடிவுக்கோட்டு வேகம் சொல்லும். மொத்த நேரம் புறப்பாட்டின் பிடிமானத்தையும் சேர்த்துக் காட்டுவதால் குழப்பும். சீர்மை கூடியதா என்பதை அறிய, இரு வகை ஓட்டங்களின் நேரங்களையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றிலும் அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடுங்கள். பனிக்கட்டியுடன் அந்த இடைவெளி சுருங்கியிருந்தால், முடிவுக்கோட்டு வேகம் சற்றும் மாறாவிட்டாலும், கூல் கேன் வண்டியில் இருக்கட்டும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

சுருளில் நுண்ணிய கசிவு ஏற்பட்டால் பெட்ரோல் பனிநீரின் மேல் மிதக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தவுடன் நீரின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்று வண்டியை ஓட்டக் கூடாது. பெட்ரோலுக்கு அலுமினியச் சுருள் நல்லது. செம்பு பெட்ரோல் கெட்டுப் பிசினாவதை விரைவுபடுத்தும். மெத்தனாலோ அலுமினியத்தை அரிக்கும். உருகிய நீர் சொட்டித் தடத்தில் விழாதபடி வடிகுழாயை அடைத்து வையுங்கள், ஏனெனில் பின்சக்கரத்தின் கீழே ஒரு கைப்பிடி நீர் விழுந்தாலும் உங்கள் வண்டி மட்டுமன்றி அடுத்து வருபவரின் வண்டியும் சறுக்கும். நாள் முடிந்ததும் கலத்தை வடித்து உலர்த்திவிட்டு, சுருளின் இணைப்பு நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். குளிரும் சூடும் மாறி மாறி வரும் இடத்தில் அவை தளர்வது இயல்பு.